மூன்று தவறும் ஒரு பூட்டும்

ஐ.டி. துறையில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நாங்கள் பராமரிக்கும் மென்பொருளை எழுதியவர்கள் யாரும் இப்போது கம்பெனியில் இல்லை. இருக்கிற ஆவணத்துக்கும் அது நடந்துகொள்ளும் விதத்துக்கும் சம்பந்தமே இல்லை. மென்பொருளிடமே கேட்டு ஆவணம் எழுத வழி உண்டா?”

உண்டு. எல்லாவற்றையும் எழுத முடியாது. ஆனால் எந்த நிலையில் எதைக் கொடுத்தால் என்ன பதில் வரும், அதன்பின் எந்த நிலைக்குப் போகும் என்ற வரைபடத்தை ஒரு கருவியே வரைந்து கொடுத்துவிடும். ஜெர்மனியின் டார்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான லேர்ன்லிப் அப்படிப்பட்டது. ஜாவாவில் எழுதப்பட்டது, இலவசம். நிரலில் ஒரு வரிகூடப் படிக்காது. வெளியே நின்று உள்ளீடு கொடுக்கும், பதிலைக் குறித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இதற்கு அடிப்படை, டேனா ஆங்லுவின் என்ற கணினி விஞ்ஞானி 1987-இல் வெளியிட்ட ‘எல்-ஸ்டார்’ என்ற வழிமுறை. அது வேலை செய்யும் அழகைப் பார்க்க ஒரு லாகின் திரை போதும். உள்ளீடு இரண்டே இரண்டு: சரியான கடவுச்சொல்லை ‘ச’ என்போம், தவறானதை ‘த’ என்போம். மூன்று முறை தொடர்ந்து தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். இது நமக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது.

கருவி ஓர் அட்டவணை போடுகிறது. இடப்பக்கம், இதுவரை என்ன கொடுத்தோம் என்ற வரலாறு. மேலே, இனி என்ன கொடுத்துப் பார்க்கலாம் என்ற சோதனைகள். ஆரம்பத்தில் வெறும் ச, வெறும் த. எதுவும் கொடுக்காத வெற்று வரலாற்றின் வரிசையில் ச-வுக்கு ‘வருக’, த-வுக்கு ‘மீண்டும் முயல்க’ என்று பதில் விழுகிறது. ஒரு ச கொடுத்த பின் எதைக் கேட்டாலும் ‘ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்’. வரிசை மாறிவிட்டதால் இது புது நிலை. ஒரு த கொடுத்த பின்? ‘வருக’, ‘மீண்டும் முயல்க’. வெற்று வரலாற்றின் வரிசையேதான். ஆகவே தவறு செய்தாலும் தொடங்கிய இடத்திலேயே இருக்கிறோம் என்று கருவி முடிவுகட்டி, இரண்டே நிலைகள் கொண்ட வரைபடத்தை நீட்டுகிறது. பூட்டு என்ற பேச்சே அதில் இல்லை.

இப்போது வரைபடத்தையும் நிஜ மென்பொருளையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். த, த, த என்று கொடுத்தால் வரைபடம் ‘மீண்டும் முயல்க’ என்கிறது, நிஜம் ‘பூட்டப்பட்டது’ என்கிறது. முரண்பாடு சிக்கியது. கருவி அதை வெறும் பிழையாகக் குறித்து வைத்துவிட்டுப் போவதில்லை. அந்த மூன்று த-க்களின் வாலை, அதாவது கடைசி ‘த த’-வை, வெட்டி எடுத்து மேலே மூன்றாவது சோதனையாகச் சேர்த்துக்கொள்கிறது. உடனே, ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு வரிசைகள் பிரிகின்றன. வெற்று வரலாற்றுக்குப் பின் ‘த த’ கொடுத்தால் இறுதிப் பதில் ‘மீண்டும் முயல்க’. ஒரு த-வுக்குப் பின் கொடுத்தால் ‘பூட்டப்பட்டது’. இரண்டு தவறு செய்த வரலாறும் பூட்டிய வரலாறும் தனித்தனி வரிசைகளாக எழும்புகின்றன. மொத்தம் ஐந்து நிலைகள், வரைபடம் முழுமை.

உள்ளே தவறுகளை எண்ணும் ஒரு மாறி (variable) இயங்கிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அது பிடிபட்டுவிட்டது. எந்தச் சோதனைக்கும் ஒரே பதில் தரும் இரண்டு வரலாறுகள் ஒரே நிலை. எங்கேயாவது ஓரிடத்தில் பதில் வேறுபட்டால் வேறு நிலை. 1950-களில் மைஹில், நெரோட் என்ற கணிதவியலாளர்கள் தந்த தேற்றத்தின் சாரம் இதுதான். நிகழ்காலத்தை எதிர்காலத்தால் வரையறுக்கிறார்கள், ஆனால் ஜோதிடம் போல அல்ல: அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் செய்து பார்த்துச் சரிபார்க்கலாம், தப்பினால் கட்டம் திருத்தப்படும்.

இந்தத் தேற்றத்தால் அன்று யாருக்கும் ஒரு காசு வருமானம் இருந்திருக்காது. ஆனால் 2014-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகக்காரர்கள் லெகோ துண்டுகளால் ஒரு ரோபோ செய்து, இணைய வங்கிக்கான கார்டு ரீடரின் பொத்தான்களை அதை வைத்து அழுத்தி, வரும் பதில்களிலிருந்து வரைபடம் கற்றார்கள். வாடிக்கையாளர் ‘ஓகே’ அழுத்தாமலே கணினி வழியாகப் பரிவர்த்தனையை உறுதி செய்துவிட முடிந்த பழைய ஓட்டை, தானாக வரைந்த படத்தில் தெரிந்தது. புதிய ரீடரின் படத்தில் அது இல்லை. அடுத்த ஆண்டு இணையத் தொடர்புகளைப் பாதுகாக்கும் டி.எல்.எஸ். மென்பொருள்களை இதே முறையில் வரைந்தபோது மூன்றில் புதிய ஓட்டைகள் கிடைத்தன. “உடனடிப் பயன் என்ன?” என்று விண்ணப்பப் படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்கும் நிதிக்குழுக்கள், நெரோடுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்காது என்பது என் கட்சி.

தொழில்துறைக்கு நேரடியாகப் பிடித்துப்போகும் வேலை பிலிப்ஸில் நடந்தது. பழைய மென்பொருள் பாகம் ஒன்றைத் திருத்தி எழுதியபோது, பழையதற்கு ஒரு வரைபடம், புதியதற்கு ஒரு வரைபடம் என்று இரண்டையும் கற்று ஒப்பிட்டார்கள். புதியதில் மட்டுமல்ல, பழையதிலும் குறைகள் வெளிவந்தன. “ஓடுற சாஃப்ட்வேரைத் தொடாதே” என்ற ஐ.டி. சாங்கியத்தை நம்புகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

ஆனால் முரண்பாட்டைக் கண்டுபிடித்துத் தருவது யார்? ஆங்லுவினின் கோட்பாட்டில் எல்லாம் தெரிந்த ஓர் ஆசிரியர் இருக்கிறார். நிஜத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவரையே ஆவணம் எழுதச் சொல்லியிருப்போம். அதனால் ஆயிரக்கணக்கில் சோதனைகளை ஓட்டித்தான் தேட வேண்டும். எவ்வளவு ஓட்டினாலும், அதே பதில்களைத் தந்து அடுத்த படியில் மாறுபடும் வேறொரு இயந்திரம் இருக்கவே செய்யும் என்று கணிதவியலாளர் எட்வர்ட் மூர் 1956-லேயே காட்டிவிட்டார். பூட்டு ஆயிரமாவது தவறில்தான் விழும் என்றால் கருவி அதைத் தவறவிட்டு, பூட்டே இல்லாத படத்தைக் கொடுத்திருக்கும். ஓசே நிறுவன அச்சு இயந்திரத்தின் ஒரு மென்பொருள் பாகத்தை வரைய, 77 உள்ளீடுகள், 3,410 நிலைகளுக்காக, சுமார் 6 கோடி கேள்விகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு கேள்விக்கும் மென்பொருளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு அரை நிமிடம் பிடிக்கும் சர்வரில் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

இன்னொன்று, அலுவலக மென்பொருளில் பொத்தான்கள் மட்டும் இல்லை. தொகை, தேதி, பில் எண் என்று எல்லையற்ற மதிப்புகள் வரும். அவற்றை ‘சரியான தொகை’, ‘வரம்பு மீறிய தொகை’ என்று சில வகைகளாக அடக்கி, நடுவில் ஒரு மொழிபெயர்ப்புப் பகுதியை மனிதர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். வகை பிரித்ததில் கோட்டைவிட்டால் கருவி வரையும் படமும் கோட்டைவிடும். என்னைக் கேட்டால், மொத்த மென்பொருளையும் இதில் போடாமல், ஒப்புதல் படிகள் உள்ள ஏதாவது ஒரு சிறு பகுதியை எடுத்து, பத்துப் பதினைந்து உள்ளீடுகளோடு தொடங்குங்கள்.