"வெளிநாட்டில் இதுக்குக் கட்சியே இருக்கு டாக்டர்!"

ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில், பாதி வளைவு தாண்டியதும் அந்தப் பையன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டான். பின் சீட்டில் இருந்தவர்கள் தன்னைப் பற்றியே பேசிச் சிரித்தார்களாம். அம்மாவும் இறங்கி, அடிவாரம் வரை அவனோடு நடந்தே வந்திருக்கிறார். மறுநாள் சேலத்தில் என்னிடம் கூட்டிவந்தார். வயது 17, சில மாதங்களாகக் கஞ்சா. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பேச்சை எடுத்ததும் போனை நீட்டினான். "வெளிநாட்டில் இதுக்குக் கட்சியே இருக்கு டாக்டர்."

அது பொய்யில்லை. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கச் சொல்லும் சிறிய கட்சி நியூசிலாந்தில் 1996 முதல் தேர்தலில் நிற்கிறது. கனடாவிலும், அமெரிக்காவின் மினசோட்டாவிலும் அப்படிக் கட்சிகள் தோன்றின. கனடாவில் 2018-லும் மினசோட்டாவில் 2023-லும் சட்டமே மாறியது. ஆனால் அதை நிறைவேற்றியவை பெரிய கட்சிகள். நியூசிலாந்தில் 2020 வாக்கெடுப்பில் 50.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எதையும் அவனிடம் மறைக்கவில்லை. மறைத்தால் அடுத்த தடவை நான் சொல்வதைக் கேட்கமாட்டான்.

"சரி தம்பி, அங்கே கடைக்குப் போனா உனக்குக் கொடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

மினசோட்டாவில் 21 வயது ஆக வேண்டும். கனடாவில் மாகாணத்தைப் பொறுத்து 18 அல்லது 19, கியூபெக்கில் 21. நியூசிலாந்தில் வாக்கெடுப்புக்கு விட்ட மசோதாவிலும் 20. அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

மூளை 25 வயதுவாக்கில்தான் முழுதாக முதிர்கிறது. பதின்வயதில் அடிக்கடி புகைத்தால் மனச்சிதைவு போன்ற நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. எல்லோருக்கும் வராது, குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் ஆபத்து அதிகம். தன் அண்ணன் பல வருடமாக மாத்திரை சாப்பிடுவதை அந்த அம்மா மெல்லச் சொன்னார். பையனுக்கு அன்றுதான் தெரியும். தயவுசெய்து இதை வீட்டில் ஒளிக்காதீர்கள்.

ஒரு கிலோவுக்குள் இருந்தால் கேஸ் இல்லை என்று பல பையன்கள் நம்புகிறார்கள். தவறு. 1985 போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாவில் அது 'சிறிய அளவு', அவ்வளவுதான். அதற்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் சிறிய அளவு வழக்கில் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது.

போலீஸ் வருமோ என்று பயந்து பெற்றோர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. பயப்படாமல் வாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயக்கமா? அரசின் மனநல உதவி எண் 14416-க்கு இலவசமாகப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம்.