அழுத்தம் தெரிந்த கண்ணாடி

வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி தட்டி முடித்தாயிற்று. அனுப்பும் முன் பார்த்தால் மூன்றாவது வரியில் ‘கொடுத்தான்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘கெடுத்தான்’ என்று விழுந்திருக்கிறது. ஒரு கால் விட்டுப்போனதில் அர்த்தமே மாறிவிட்டது. ‘கெ’ பக்கத்தில் கர்சரைக் கொண்டுபோய் வைக்கவேண்டும். விரலை வைத்தால் விரலே எழுத்தை மறைத்துக்கொள்கிறது. எடுத்தால் கர்சர் சொல்லின் கடைசியில் போய் நிற்கிறது. தமிழில் தட்டுகிற எல்லோருக்கும் இந்த அவஸ்தை பழக்கம்தான்.

என்னிடம் இருக்கும் பழைய ஐபோன் 8-இல் இதற்கு ஒரு வழி உண்டு. கீபோர்டில் எங்கே வேண்டுமானாலும் கட்டைவிரலைச் சற்று ஊன்றி அழுத்தினால் போதும். உடனே எழுத்துகள் எல்லாம் மறைந்து கீபோர்டு வெறும் பலகையாகிவிடும். விரலை நகர்த்த நகர்த்த மேலே கர்சரும் எழுத்து எழுத்தாக நகரும். அங்கேயே இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அந்தச் சொல் முழுதும் தேர்வாகும். தளர்த்தி மறுபடி அழுத்தினால் வாக்கியமே தேர்வாகும். இத்தனைக்கும் விரலைத் திரையிலிருந்து ஒரு தடவைகூட எடுக்கவேண்டாம்.

இந்த வசதிக்கு ஆப்பிள் வைத்த பெயர் 3டி டச். 2015 செப்டம்பரில் ஐபோன் 6எஸ்-உடன் வந்தது. 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்எஸ் மேக்ஸ் வரை இருந்தது. 2019-இல் ஐபோன் 11 வரிசை வந்தபோது மூன்று மாடல்களிலும் அது இல்லை. அப்புறம் எந்த ஐபோன் திரையிலும் அது திரும்ப வரவே இல்லை. எடுத்தது தப்பா என்று கேட்டால், தப்புதான் என்பது என் கட்சி. ஆனால் அதற்கும் முன்னால் நடந்த ஒரு தப்பு இருக்கிறது. அதைச் சொல்ல, அந்தக் கண்ணாடிக்கு அழுத்தம் எப்படித் தெரிந்தது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

சாதாரண போன் திரைக்கு விரல் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்று தெரியாது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இரண்டு கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன மின்புலம் இருக்கும். நம் உடம்பு உப்பும் நீரும் நிறைந்தது, மின்சாரத்தைக் கடத்தும். விரல் கிட்டே வந்தால் அந்த மின்புலத்தில் கொஞ்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எந்தச் சந்திப்பில் எவ்வளவு குறைந்தது என்று நொடிக்குப் பல தடவை அளந்துதான் போன் விரலைக் கண்டுபிடிக்கிறது. நகநுனியால் தட்டினால் திரை கண்டுகொள்ளாததும், மழையில் நனைந்தால் தடுமாறுவதும் இதனால்தான். இறகுபோலத் தொட்டாலும் சரி, ஓங்கி அழுத்தினாலும் சரி, அதற்கு இரண்டும் தொடுதல்தான்.

6எஸ்-இல் இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு சேர்ந்தது. திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பகுதியோடு 96 சென்சார்கள் கட்டம் கட்டமாகப் பொருத்தப்பட்டன. மேலே சொன்ன கோடுகளின் சந்திப்புகளைப்போல இவையும் மின்தேக்கிகள்தான், ஆனால் வேலை வேறு. இரண்டு உலோகத் தகடுகளை நடுவில் சிறு இடைவெளி விட்டு எதிரெதிரே வைத்தால் அது ஒரு மின்தேக்கி. இடைவெளி குறையக் குறைய அது தேக்கும் மின்னூட்டம் கூடும். இடைவெளி பாதியானால் தேக்குதிறன் இரண்டு மடங்காகும். ஆகவே மின்னூட்டத்தை அளந்தால் இடைவெளியை அளந்தமாதிரி ஆயிற்று. 3டி டச்சின் அடிப்படை இதுதான். மேலே இருக்கும் கண்ணாடிக்கும் கீழே இருக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு குறைந்தது என்று அந்த 96 இடங்களிலும் பார்த்துக்கொண்டே இருப்பது.

தூரம் எப்படிக் குறையும்? கண்ணாடி வளைகிறது. உடையுமே தவிர வளையாது என்றுதான் கண்ணாடியைப் பற்றி நமக்கு நினைப்பு. மெல்லிய கண்ணாடி நன்றாகவே வளையும். கட்டைவிரல் அழுத்தத்தில் அது உள்வாங்கும் அளவு நம் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது, மின்தேக்கிக்குத் தெரியும்.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. சிக்கல் இனிமேல்தான். சட்டத்தில் பொருத்திய கண்ணாடியை நடுவில் அழுத்தினால் நிறைய வளையும், ஓரத்தில் அழுத்தினால் அவ்வளவாக வளையாது. இரண்டு இடத்திலும் அழுத்தம் ஒன்றேதான், கிடைக்கும் எண் மட்டும் வேறு. ஆகவே விரல் எங்கே இருக்கிறது என்பதை மேல் அடுக்கிடம் கேட்டுத்தான் கீழ் அடுக்கின் எண்ணுக்குப் பொருள் சொல்லமுடியும். அடுத்தது புவியீர்ப்பு. போனை மேசையில் வைத்தால் கண்ணாடியின் எடை உள்நோக்கி இறங்கும். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்தால் அதே எடை வெளிநோக்கி இழுக்கும். அதனால் போன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முடுக்கமானியிடம் கேட்டு, புவியீர்ப்பின் பங்கைக் கழிக்கவேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திரையில் பதிவதும் ஒரேமாதிரி இல்லை. நடந்துகொண்டே அழுத்துபவர், சோபாவில் சாய்ந்தபடி அழுத்துபவர், கோபத்தில் அழுத்துபவர் எல்லோருடைய நோக்கமும் ஒன்றுதான், சென்சார் பார்ப்பது மட்டும் வேறு வேறு. ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி அப்போது ஒரு பேட்டியில் இதையெல்லாம் விளக்கிவிட்டு, இது கிட்டத்தட்ட ஆளின் மனதைப் படிக்கும் வேலை என்றார்.

அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. வெளியான சில வாரங்களிலேயே சிலர் இந்த போனை எடைபோடும் தராசாக மாற்றினார்கள். ஏறக்குறைய 385 கிராம் வரை அது எடை காட்டியது. ஆனால் திரையில் எதையாவது வைத்துவிட்டு எடை கேட்க முடியாது. மேல் அடுக்கு ‘இங்கே விரல் இருக்கிறது’ என்று சொன்னால்தான் கீழ் அடுக்கின் எண் வெளியே வரும். அதனால் ஒருவர் உலோகக் கரண்டியை வைத்து, அதன் குழிவில் பொருளைப் போட்டு எடைபார்த்தார். இன்னொருவர் பிளம்ஸ் பழங்களை நேராகத் திரைமேலேயே வைத்தார். சாறு நிறைந்த பழம் என்பதால் திரை அதை விரலாகவே எடுத்துக்கொண்டது. தராசுச் செயலிகளை ஆப் ஸ்டோரில் சேர்க்க ஆப்பிள் மறுத்துவிட்டது. 6எஸ் அறிமுகத்துக்குச் சில நாள் முன்பு பெர்லினில் ஹுவாவேயும் இதேபோன்ற அழுத்தத் திரையோடு மேட் எஸ் என்ற போனைக் காட்டியிருந்தது. மேடையிலேயே ஓர் ஆரஞ்சுப் பழத்தை அதன்மேல் வைத்து எடைபோட்டுக் காட்டினார்கள்.

அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது. அளந்தாயிற்று என்று விரலுக்குச் சொல்லவேண்டும். கதவு மணி சுவிட்சை அழுத்தும்போது அது உள்ளே போய் ‘டக்’ என்று நிற்கும். விரல் அதோடு நிறுத்திக்கொள்ளும். கண்ணாடியில் அந்த எல்லை கிடையாது. அதற்காகத்தான் டேப்டிக் எஞ்சின் என்ற பாகத்தை உள்ளே வைத்தார்கள். பழைய போன்களில் அதிர்வுக்கு ஒருபக்கம் கனமான சக்கரத்தைச் சுழலவிடுவார்கள். அது வேகம் பிடிக்கவும் நேரமாகும், நிற்கவும் நேரமாகும். இதில் ஒரு சிறு எடைக்கட்டியை மின்காந்தம் நேர்க்கோட்டில் தள்ளி இழுக்கிறது. ஒரே அசைவில் முழுபலத்தையும் எட்டிவிடும். லேசான தட்டு 10 மில்லிநொடி, முழுத்தட்டு 15 மில்லிநொடி. அவ்வளவு குறுகிய உதறலை மூளை அதிர்வாக எடுத்துக்கொள்வதில்லை, ஒரு பட்டன் அமுங்கியதாகவே எடுத்துக்கொள்கிறது.

நம்பிக்கை இல்லை என்றால் 2015-க்குப் பிந்தைய மேக்புக் புரோ ஒன்றை முழுவதும் அணைத்துவிட்டு அதன் டிராக்பேடை அழுத்திப் பாருங்கள். கல்லை அழுத்துவதுபோல இருக்கும். மறுபடி இயக்கியதும் அதே இடம் ‘டக்’கென்று அமுங்கும். உண்மையில் அங்கே அமுங்கும் பட்டன் எதுவும் இல்லை. நான்கு மூலையிலும் அழுத்தமானிகளும், உதறிவிட ஒரு மின்காந்தமும்தான். முதல்தடவை இதைச் செய்துபார்த்தபோது என் விரலையே நான் நம்பவில்லை. நாலைந்து தடவை அணைத்து அணைத்துப் பார்த்தேன்.

இதற்கெல்லாம் விலை இருந்தது. ஐபோன் 6 எடை 129 கிராம், 6எஸ் 143 கிராம். கூடியதில் பெரும்பங்கு திரைப்பகுதியின் எடை. பேட்டரி 1810 மில்லிஆம்பியர்-மணியிலிருந்து 1715-க்கு இறங்கியது. டேப்டிக் எஞ்சினுக்கு இடம் விடவேண்டியிருந்தது. அதே 2015 பேட்டியில் ஆப்பிளின் அப்போதைய சந்தைப்படுத்தல் தலைவர் ஃபில் ஷில்லர், இப்படி ஒரு திரையைச் செய்வது நம்பமுடியாத அளவுக்குக் கடினம் என்றார். மேடையில் காட்டிவிட்டு ஒரு மாதத்தில் யாரும் தொடாமல் போனால் இரண்டு வருட உழைப்பு வீண் என்றும் சொன்னார். அந்தப் பயம் நியாயமானது என்று பின்னால் தெரிந்தது.

முன்னால் நடந்த தப்பு என்று சொன்னேனே, அது இங்கேதான். இவ்வளவு பாடுபட்டுச் செய்த சென்சாரைக் கொண்டுபோய் யாரும் பார்க்கமுடியாத இடத்தில் வைத்தார்கள். திரையில் எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. ஒரு பட்டன் அழுத்தத்துக்கு இணங்குமா, இணங்காதா என்பது அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். நாலு இடத்தில் அழுத்தி ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஐந்தாவது இடத்தில் யார் அழுத்துவார்கள்? முகப்புத் திரையில் குழப்பம் இன்னும் மோசம். ஐகானை மெதுவாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது நடுங்கத் தொடங்கும், நீக்கலாம். அதே ஐகானை அழுத்தினால் குறுக்குவழிப் பட்டியல் வரும். ஒரே இடம், கிட்டத்தட்ட ஒரே செயல், இரண்டு வேறு பலன். ஒரு செயலியை நீக்க நினைத்துப் பட்டியல் வந்து திகைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஐபேடில் இந்த வசதி ஒருநாளும் வரவில்லை. 2016-இல் வந்த ஐபோன் எஸ்இ-யில் இல்லை. 2018-இல் எக்ஸ்ஆர்-இலும் இல்லை. செயலி எழுதுபவர் என்ன செய்வார்? பாதிப் பேரிடம் இல்லாத ஒன்றை நம்பி முக்கியமான எதையும் அங்கே வைக்கமுடியாது. வேறுவழியில் செய்யக்கூடியதற்குக் குறுக்குவழியாக மட்டும் வைப்பார். குறுக்குவழியை மட்டுமே தரும் ஒன்றைத் தேடிப்போய்க் கற்றுக்கொள்பவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான்.

இப்போது அதன் இடத்தில் இருப்பது ஹேப்டிக் டச். பெயர் வேறு, வேலை என்னவோ நீண்ட தொடுதல்தான்: விரலை வைத்துக் காத்திருந்தால் டேப்டிக் எஞ்சின் ஒரு தட்டுத் தட்டி, பட்டியலைத் திறந்துவிடும். எல்லா போனிலும் ஒரேமாதிரி வேலை செய்கிறது. மக்கள் அதைத் தேடாமலே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். இது நல்லதுதான், இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அழுத்தத்துக்குப் பதிலாக நேரத்தை வைத்தது சரியான மாற்று இல்லை. ஐபோனில் நீண்ட தொடுதலுக்கான வழக்கமான அளவு அரை நொடி. அந்த அரை நொடியும் விரல் சும்மா இருக்கவேண்டும். நகர்ந்தால் இழுப்பதாக நினைத்துக்கொள்ளும். அழுத்தத்தில் வேகம் என் கையில் இருந்தது: சட்டென்று அழுத்தினால் சட்டென்று நடக்கும். அதைவிட முக்கியமானது, அழுத்தத்துக்குப் படிகள் உண்டு. 3டி டச்சில் ஒரு மின்னஞ்சலை மெல்ல அழுத்தத் தொடங்கினால் சுற்றியிருப்பவை கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். இன்னும் அழுத்தினால் கடிதம் எட்டிப்பார்க்கும், இன்னும் அழுத்தினால் முழுதாகத் திறக்கும். நடுவில் மனம் மாறினால் விரலைத் தளர்த்திவிடலாம். எல்லாம் பழையபடி ஆகிவிடும். அழுத்தத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், கழிந்த அரை நொடியை வாங்க முடியாது. நேரத்துக்கு இருப்பது ஆம், இல்லை என்ற இரண்டே பதில்.

கர்சர் விஷயத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இப்போது ஸ்பேஸ்பாரை அழுத்திப் பிடித்தால் கீபோர்டு பலகையாகும். 2018-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் 12-ஆம் பதிப்புடன் எல்லா ஐபோனுக்கும் இது வந்தது. ஸ்பேஸ்பார் இருப்பது திரையின் அடியில். கர்சரைக் கீழ்வரிக்குக் கொண்டுபோக விரலுக்கு இடமே இல்லை. சொல்லைத் தேர்வுசெய்ய இன்னொரு விரலால் தட்டவேண்டும். ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் நிற்பவருக்கு அந்த இன்னொரு விரல் கிடையாது.

காத்திருப்பு தலைவலி என்பது மற்றவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. கூகுள் பிக்ஸல் 4-இல் அழுத்த சென்சார் எதையும் வைக்கவில்லை. விரல்நுனி அழுந்தும்போது சதை பரவி, திரையில் அதன் தடம் விரிகிறது அல்லவா, அந்த விரிவை இயந்திரக் கற்றல் மூலம் படித்து ‘இவர் அழுத்துகிறார்’ என்று ஊகித்தார்கள். அதன்மூலம் நீண்ட தொடுதலின் பட்டியலைச் சீக்கிரமே திறந்தார்கள். 2017-இன் சாம்சங் கேலக்ஸி எஸ்8-இல் திரையின் கீழ்ப்பகுதியில், ஹோம் பட்டன் இருக்கவேண்டிய அந்த ஓர் இடத்துக்கு அடியில் மட்டும் அழுத்த சென்சார் வைத்தார்கள். ஒரே இடம், ஒரே வேலை. கற்றுத்தர எதுவும் இல்லை.

ஆப்பிளும் அழுத்தத்தை முற்றிலும் கைவிடவில்லை. ஏர்பாட்ஸ் புரோவின் தண்டைக் கிள்ளினால் அதை உணர்வது அழுத்த சென்சார்தான். 2024-இல் ஐபோன் 16-இன் பக்கவாட்டில் வந்த கேமரா பட்டனில் லேசாக அழுத்துவது ஒன்று, முழுதாக அழுத்துவது வேறொன்று. இவற்றிலெல்லாம் எங்கே அழுத்தவேண்டும் என்று கைக்கே தெரிகிறது. 2015-இல் திரை முழுக்கப் பரப்பியதைக் கீபோர்டு என்ற ஓர் இடத்தில் ஊன்றி, அங்கே எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருக்கலாம். கீபோர்டை விட அடிக்கடி தொடும் இடம் போனில் வேறு எது?

இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்தப் பழைய ஐபோன் 8-இல் தட்டியதுதான். பேட்டரியை இரண்டுதடவை மாற்றியாயிற்று, புதிய ஐஓஎஸ் வருவதும் நின்றுபோய்விட்டது. மேலே ‘அழுத்தமானி’ என்று ஒரு சொல் இருக்கிறதே, முதலில் அது ‘அழுத்தமாணி’ என்று விழுந்திருந்தது. கீபோர்டின் நடுவில் கட்டைவிரலை ஊன்றினேன், உள்ளே ‘டக்’கென்றது, கர்சர் போய் ‘ணி’ பக்கத்தில் நின்றது.