பூட்டிய வீட்டையும் கணக்கில் எடுக்கணுமா, சார்?

மழைக்காலம் தொடங்குமுன் எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் படிப்பு) மாணவர்களை ஒரு தெருவுக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். ஆளுக்கொரு டார்ச், ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு படிவம். ஐம்பது வீடுகளில், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவைத் தேட வேண்டும்.

வகுப்பில் சூத்திரங்களை ஒப்பித்தவர்கள்தான். புழு கண்ட வீடு நூற்றுக்கு எத்தனை என்பது வீட்டுக் குறியீடு. நூறு வீடு பார்த்தால் எத்தனை பாத்திரத்தில் புழு என்பது பிரெட்டோ குறியீடு. இந்த முறை ஒன்பது வீடு பூட்டிக் கிடந்தது, ஆறு வீட்டில் புழு. மாணவர் ஒருவர் ஆறை ஐம்பதால் வகுத்து 12 சதவீதம் என்று எழுதி வந்தார். உள்ளே போய்ப் பார்த்தது 41 வீடுதானே? அப்படியானால் 14.6. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் பூட்டிய வீட்டையெல்லாம் 'புழு இல்லை' என்று சேர்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், யாரும் எட்டிப் பார்க்காத தெருதான் ஊரிலேயே சுத்தமான தெருவாகத் தெரியும்.

புழுவைக் கண்டுபிடிப்பதும் கைப்பழக்கம். டார்ச் அடித்தால் ஏடிஸ் புழு வெளிச்சத்துக்கு ஒளிந்து, பாம்பு மாதிரி நெளிந்து அடிக்கு இறங்கிவிடும். அவசரக்காரர் கண்ணுக்குத் தண்ணீர் சுத்தமாகத் தெரியும். ஒரு நிமிடம் பொறுத்தால் மூச்சுவிட மேலே வரும். தலைகீழாக, சாய்ந்து தொங்கும். நீர்மட்டத்தோடு படுக்கையாகக் கிடந்தால் அது மலேரியா பரப்பும் அனோபிலஸ் இனம். இதையெல்லாம் மாணவர்களுக்குக் காட்டியது நான் இல்லை, எங்களோடு வந்த கொசு ஒழிப்பு மஸ்தூர் (களப்பணியாளர்) அம்மா. ஃப்ரிட்ஜின் பின்தட்டு, உபயோகமில்லாத ஆட்டுக்கல் என்று நேராகப் போய் நின்றார்.

புழு இருந்த பதினொரு பாத்திரங்களில் ஏழு, பிளாஸ்டிக் டிரம். ஒரு டிரம்மைக் கவிழ்க்கப்போன மாணவரைப் பாட்டி ஒருவர் தடுத்தார். "கொட்டிட்டுப் போயிடுவ தம்பி, குழாய் அஞ்சு நாளைக்கு ஒருதரம் வருது. நான் எதுல சமைக்கறது?"

மாணவரிடம் பதில் இல்லை. மஸ்தூர் அம்மாவிடம் இருந்தது. தண்ணீரைக் குடத்துக்கு வடிகட்டி மாற்றி, காலி டிரம்மின் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தார். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் பழைய கதைதான். பிறகு தண்ணீரைத் திரும்ப ஊற்றி, பழைய வேட்டியைப் போட்டு வாயை இறுக்கிக் கட்டினார். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை இப்படித் தேய்த்தால் போதும். பாட்டி தலையாட்டினார், குழாய் வரும் நாளில் தேய்ப்பதாகச் சொன்னார்.

மாணவரின் முதல் அறிக்கையில் 'பொதுமக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை' என்றிருந்தது. எனக்கு எரிச்சலூட்டும் வாக்கியம் அது. மாணவர் மட்டுமல்ல, நாங்களும் வருடக்கணக்காக எழுதி வந்ததுதான். அந்த வரியை அடித்துவிட்டு, டேங்க் ஆபரேட்டரைப் பார்த்துவரச் சொன்னேன். எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் திறக்கிறார் என்று கேட்டு வந்தார். இரண்டாவது அறிக்கையில் டிரம் கணக்குக்குப் பக்கத்திலேயே அந்த நாள்கணக்கும் இருந்தது.

பூட்டியிருந்த ஒன்பது வீடுகளுக்கு வருகிற ஞாயிறு காலை போகிறோம். அன்றைக்குத்தான் ஆள் இருக்கும் என்று மஸ்தூர் அம்மா சொல்லியிருக்கிறார்.