ட-வின் மூலையில் கத்தி எப்படித் திரும்புகிறது?

‘ரேடியம் கட்டிங்’ என்று போர்டு மாட்டிய சின்னக் கடை எந்த ஊரிலும் ஒன்றாவது இருக்கும். உள்ளே ரேடியம் துளிகூடக் கிடையாது. ஒரு காலத்தில் கடிகார முள்ளில் பூசிய ரேடியத்தின் பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே வெட்டுவது பின்பக்கம் பசை பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலமான வினைல் அல்லது ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புப் படலம். அந்தக் கடையில் நிற்கும் பெரிய வெட்டும் இயந்திரமான கட்டிங் பிளாட்டருக்குத் தம்பி முறைதான், வீட்டு மேசையில் அடங்கும் 12 அங்குல இயந்திரங்கள். கிரிக்கட் (உச்சரிப்பு நம் கிரிக்கெட்டேதான்), சிலுவெட் கேமியோ என்ற பெயர்களில் வருபவை. தண்ணீர் பாட்டிலில் பெயர், வளைகாப்புக்கு ரிட்டர்ன் கிஃப்ட் லேபிள், கேக் மேல் செருகும் எழுத்து, டி-ஷர்ட் என்று வீட்டுத் தொழில் தொடங்குபவர்கள் வாங்குவது இதைத்தான்.

மைக்குப் பதில் கத்தி வைத்த பிரிண்டர் இது என்று நினைத்துத் தொடங்கினால் முதல் ரோல் வினைல் குப்பைக்குப் போகும். மை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரே மாதிரி விழும். கத்திக்கு முன்புறம், பின்புறம் உண்டு.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். வண்டியை எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தானே சுழன்று பின்னால் வந்துவிடும். சக்கரத்தின் அச்சு, அதைத் தாங்கும் செங்குத்துக் கம்பிக்கு நேர் கீழே இல்லாமல் சற்றுத் தள்ளி இருப்பதே காரணம். வெட்டும் கத்தியும் அப்படித்தான். அது ஒரு மெல்லிய ஊசித்தண்டு. மேலும் கீழும் தாங்கிகளில் தடையின்றிச் சுழலும். அதன் கூர்முனை தண்டின் மையத்தில் இல்லை. பரவலாகப் புழங்கும் வினைல் கத்திகளில் மையத்திலிருந்து சுமார் 0.25 மில்லிமீட்டர் விலகியிருக்கும். கத்தியைத் திருப்ப மோட்டார் எதுவும் இல்லை. கத்தியைப் பிடித்திருக்கும் தலை முன்னால் போகும், முனை பின்னால் இழுபடும். இந்த விலகலுக்கு ஆஃப்செட் என்று பெயர்.

இப்போது ‘ட’ எழுத்தை எடுத்துக்கொள்வோம். செங்குத்துக் கோடு கீழே இறங்கி, மூலையில் 90 டிகிரி திரும்பி, வலப்பக்கம் போக வேண்டும். தண்டின் மையம் மூலைக்கு வந்து நிற்கும்போது முனை இன்னும் 0.25 மி.மீ. மேலேயே இருக்கிறது. அங்கிருந்தே வலப்பக்கம் திரும்பினால் முனை குறுக்கே வளைந்து போகும், மூலை மழுங்கிவிடும். எனவே மென்பொருள் மையத்தை மூலையைத் தாண்டி 0.25 மி.மீ. கீழே கொண்டுபோகிறது. முனை சரியாக மூலையில் நிற்கிறது. பிறகு, முனையை நடுவாக வைத்து, மையம் ஒரு சின்னக் கால்வட்டம் அடிக்கிறது. கத்தி இருந்த இடத்திலேயே திரும்பிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் வலப்பக்கப் பயணம். கண்ணுக்கே தெரியாத இந்த நெளிவு ஒவ்வொரு மூலையிலும் நடக்கிறது.

இது புரிந்துவிட்டால் பாதிக் கோளாறுகளைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். மூலைகள் உருண்டையாக வருகின்றனவா? மென்பொருளில் கொடுத்திருக்கும் ஆஃப்செட், கத்தியின் உண்மையான அளவைவிடக் குறைவு. மூலையில் சின்னக் கொம்பு முளைக்கிறதா? அளவு அதிகம். எல்லா எண்ணும் சரி, ஆனாலும் மூலை கிழிகிறதா? கத்தி சுழலவில்லை, கூட்டுக்குள் வினைல் துணுக்கோ காகிதத் தூசோ சிக்கியிருக்கும். கழற்றி, ஊதி, விரலால் தண்டைச் சுழற்றிப் பாருங்கள், முனையைத் தொடாமல். கத்திக் கூட்டையே மாற்றச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

மூடிய வடிவம் எதுவானாலும் தொடங்கிய இடத்துக்கே கத்தி திரும்பி வர வேண்டும். தொடக்கத்தில் கத்தி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால்தான் முடியும் இடத்தில் ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டச் சொல்லும் ‘ஓவர்கட்’ வசதி. அது இல்லையென்றால், எழுத்தைச் சுற்றியுள்ள வினைலை உரிக்கும்போது அந்த ஒரு புள்ளியில் எழுத்தும் சேர்ந்து எழும்.

தமிழில் இதற்கென்றே பிறந்த சோதனை, மெய்யெழுத்தின் தலையில் உட்காரும் புள்ளி. 1 மி.மீ. விட்டமுள்ள புள்ளியை வெட்டும்போது கத்தியின் விலகலே வட்டத்தின் ஆரத்தில் பாதி. கத்தி சுழன்று முடிப்பதற்குள் வட்டமும் முடிந்துவிடுகிறது. அதோடு இன்னொரு கணக்கும் உண்டு. புள்ளியைத் தாளோடு பிடித்து வைப்பது அதன் பரப்பு. இழுத்துப் பெயர்ப்பது கத்தி ஓடும் சுற்றளவு. விட்டத்தை 3 மடங்காக்கினால் சுற்றளவு 3 மடங்குதான் கூடும், ஒட்டும் பரப்பு 9 மடங்கு கூடும். ஆகவே எழுத்து முழுவதையும் பெரிதாக்க இடமில்லாவிட்டாலும், புள்ளியை மட்டும் தனியாகப் பெரிதாக்கி 1.5 மி.மீ.க்கு மேல் கொண்டுவாருங்கள். வேகத்தையும் பாதியாகக் குறையுங்கள். மூணு சுழி ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கும் இதே விதிதான்.

அடுத்தது ஆழம். வினைல் தாள் மூன்று அடுக்கு: மேலே நிறப்படலம், நடுவில் பசை, அடியில் சிலிகோன் பூசிய காகிதம். அந்தக் காகிதத்தை லைனர் என்பார்கள். கத்தி முதல் இரண்டையும் முழுக்க அறுத்து, மூன்றாவதைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஓராக்கல் 651 வினைலின் படலம் 0.063 மி.மீ., 631 வினைலின் படலம் 0.08 மி.மீ. இவ்வளவு மெல்லியதற்குக் கத்தியை ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிவைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. லைனர் அறுபடும்; தாளை ஒட்டிப் பிடிக்கக் கீழே வைக்கும் பசை விரிப்பான ‘மேட்’டிலும் கீறல் விழும்; முனை ஒடியும். சிலுவெட்டின் திருகுக் கத்தியில் ஒவ்வோர் எண்ணும் 0.1 மி.மீ.; வினைலுக்கு 1 போதும். கிரிக்கட் எக்ஸ்ப்ளோர் வகையில் கத்தி நீளத்தை மாற்ற முடியாது. அழுத்தத்தை மாற்றித்தான் ஆழத்தைப் பிடிக்க வேண்டும். சாதாரண வினைலுக்குச் சுமார் 100 கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் பிடிக்கும். கிரிக்கட் மேக்கர் 4 கிலோ வரை அழுத்தும் என்று விளம்பரம் பார்த்து மயங்க வேண்டாம். மரத்தகடும் தடித்த தோலும் வெட்டுபவருக்குத்தான் அது தேவை. ஸ்டிக்கர் தொழிலுக்கு 200 கிராமே தாராளம்.

சரியான ஆழத்தைக் கண்டுபிடிக்க டெஸ்ட் கட்தான் வழி. 1 செ.மீ. சதுரத்துக்குள் ஒரு முக்கோணம். வெட்டியதும் ஊசியால் முக்கோணத்தைத் தூக்குங்கள். அது தனியாக, சதுரத்தை அசைக்காமல் வர வேண்டும். பிறகு சதுரத்தையும் உரித்து, லைனரை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். பென்சிலை அழுத்தாமல் இழுத்த மாதிரி மெல்லிய தடம் தெரிய வேண்டும். தடமே இல்லையென்றால் ஆழம் போதாது. லைனரின் பின்பக்கம் தடவினால் விரலில் மேடு தட்டுகிறது என்றால் அதிகம். புது ரோல், புது நிறம், புதுக் கத்தி எதுவானாலும் இந்தச் சோதனை மறுபடி. ஒரே கம்பெனியின் கறுப்பும் வெள்ளையும்கூட வெட்டுவதற்கு ஒன்றுபோல இருப்பதில்லை.

கத்தித் தலை இடமும் வலமும் மட்டுமே போகும். முன்னும் பின்னும் நகர்வது தாள். சொரசொரப்பான உருளை கீழே, ரப்பர் உருளை மேலே, நடுவில் தாளோ மேட்டோ கவ்விப் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தப் பிடி ஓரிடத்தில் வழுக்கினாலும் அதற்குப் பிறகு வெட்டும் எல்லாமே இடம் மாறிவிடும். மேட் கோணலாகப் போயிருக்கலாம், ரப்பர் உருளை ஓரத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கலாம், பின்னால் சுவர் இடித்திருக்கலாம். இயந்திரத்துக்குப் பின்னால் ஓர் அடி இடம் காலியாக விடுங்கள். மேட்டின் பசை குறைந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டுக் கழுவி நிழலில் காயவையுங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் அட்டை ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். வெட்டினால் ஓரம் பஞ்சுபோலப் பிரியும். அட்டையைப் பாலித்தீன் உறையில் மூடி வைப்பதைத் தவிர வேறு மந்திரம் இல்லை.

எழுத்தைத் தயார் செய்வதில்தான் தமிழுக்குத் தனிச் சிக்கல். ‘கொ’ என்பது கணினிக்குள் க-வும் ஒரு குறியும். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. சில வெட்டுச் செயலிகளில் அது நடக்காமல் எழுத்து சிதறும். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, குழுவைப் பிரித்து, யூனியன் கட்டளை கொடுத்து, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்தால் எங்கும் உடையாது. யூனியனைத் தவிர்க்கவே கூடாது. எழுத்தின் இரு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் திரையில் ஒரே கறுப்பாகத் தெரியும். கத்தியோ உள்ளே மறைந்திருக்கும் கோட்டையும் விசுவாசமாக வெட்டித் தள்ளும். சிலுவெட் மென்பொருளின் இலவசப் பதிப்பு எஸ்.வி.ஜி.யைத் திறக்காது, அதற்கு டி.எக்ஸ்.எஃப். கோப்பாகக் கொடுக்க வேண்டும். எழுத்துரு விஷயத்தில் பாலூ தம்பி, கட்டமரன், முக்த மலர் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை, விற்பனைக்கும் தடையில்லை. பாலூ தம்பியின் தடித்த, உருண்ட கோடுகள் கத்திக்கு ரொம்பப் பிடித்தவை. பவனம் மாதிரி மெல்லிய எழுத்துருவைச் சின்ன அளவில் வெட்டி உரிக்கப் பொறுமைசாலிகள் முயலலாம்.

வெட்டி முடித்ததும் வேண்டாத வினைலை உரித்தெடுப்பதற்கு வீடிங் என்று பெயர். நம் வயல் வேலையின் அதே களையெடுப்பு. மூலையிலிருந்து தொடங்கி, வினைலை மேலே தூக்காமல் தன்மேலேயே மடித்து, தாளோடு ஒட்டினாற்போல் இழுக்க வேண்டும். மேலே தூக்கினால் எழுத்தும் கூட வரும். பிறகு எழுத்துகளை வரிசை கலையாமல் தூக்கும் ட்ரான்ஸ்ஃபர் டேப்பை மேலே ஒட்டி, பழைய ஏ.டி.எம். அட்டையால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் தேய்த்து, லைனரை உரித்துப் பொருளில் பதிக்கலாம். கண்ணாடி, எவர்சில்வர் இரண்டிலும் நன்றாகப் பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டினால் போதும். பிளாஸ்டிக் டிபன் டப்பா பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அதன் மேற்பரப்பு ஆற்றல் குறைவு. தாமரை இலைத் தண்ணீர்போலப் பசை அதில் பரவுவதில்லை. அந்த ஆர்டரை வாங்காமலிருப்பது நல்லது. எதில் ஒட்டினாலும் பசை முழுப்பிடிப்புக்கு வர 2, 3 நாள் ஆகும். அதுவரை கழுவ வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதி வைத்து அனுப்புங்கள்.

துணிக்கு வேறு படலம்: சூட்டில் ஒட்டும் ஹீட் ட்ரான்ஸ்ஃபர் வினைல், சுருக்கமாக எச்.டி.வி. இதில் பளபளப்பான தாங்குதாள் கீழே, மங்கலான பக்கம் மேலே. நீங்கள் வெட்டுவது பின்பக்கத்தை. அதனால் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட வேண்டும். இதை மறந்து ஒரு மீட்டராவது வீணாக்காதவர் இத்தொழிலில் அபூர்வம். சைசர் கம்பெனியின் ஈஸிவீட் படலத்துக்கு சுமார் 150 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 வினாடி. முதலில் வெறுந்துணியை 5 வினாடி அழுத்தி ஈரத்தை விரட்டுங்கள். எழுத்தை அழுத்தும்போது துணியில் ஈரம் மிச்சமிருந்து ஆவியானால் பசை ஒட்டாது. இஸ்திரிப் பெட்டியால் முடியாதா என்றால் முடியும். ஆனால் நீராவி ஓட்டைகள் இருக்கும் இடத்தில் சூடும் அழுத்தமும் குறைவு. நாலு சலவைக்குப் பிறகு எழுத்து உரியத் தொடங்குவது அந்த இடங்களில்தான்.

அச்சடித்து வெட்டும் ஸ்டிக்கர்களில் மூலையிலுள்ள கறுப்புக் குறிகளை ஒளியுணரி தேடிப் பிடிக்கிறது. மேலே பளபள லேமினேஷன் போட்டால் வெளிச்சம் தெறித்து உணரி குழம்பும். குறிகளின் மேல் மட்டும் மங்கலான ஒட்டுநாடா ஒட்டினால் தீர்ந்தது. படத்தின் நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 1, 2 மி.மீ. நீட்டிவிட்டால் சின்ன விலகலில் வெள்ளை விளிம்பு தெரியாது.

வினைலை லேசர் கட்டரில் மட்டும் வெட்டிப் பார்க்காதீர்கள். அது பி.வி.சி.; எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும்.

விலை வைக்கும்போது வினைலைக் கணக்கிடுவார்கள், விரல்களை விட்டுவிடுவார்கள். 12 அங்குல அகலம், 5 அடி நீள ரோலில் 5 × 8 செ.மீ. லேபிளை, அரை செ.மீ. இடைவெளி விட்டு, அகலத்தில் 5, நீளத்தில் 17 என்று 85 வரை அடுக்கலாம். ஒன்றைக் களையெடுக்க 2 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 170 நிமிடம், ஏறக்குறைய 3 மணி நேரம். உங்கள் மணி நேரத்துக்கு 100 ரூபாய் போட்டால் லேபிள் ஒன்றுக்குக் கூலியே 3 ரூபாய் 33 காசு. புள்ளியும் சுழியும் நிறைந்த நீளப் பெயர் என்றால் இரட்டிப்பாகும். எழுத்து எண்ணிக்கைக்குத் தகுந்தாற்போல விலை வைக்கும் ரேடியம் கடைக்காரருக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும்.

கத்தியின் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதிபலிப்புப் படலத்தில் நுண்ணிய கண்ணாடி மணிகள் இருப்பதால் அது கத்தியைச் சீக்கிரம் தின்றுவிடும். அதற்கென்று ஒரு கத்தியைத் தனியாக வைத்துக்கொண்டால் நல்ல கத்தி தப்பும். மழுங்கியதைக் கண்டுபிடிக்க லென்ஸ் வேண்டியதில்லை. நேற்றுவரை நின்ற புள்ளிகள் இன்று அதே அழுத்தத்தில், அதே வேகத்தில் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தால், கத்தியை மாற்றுங்கள்.