தடுப்பூசிப் பதிவேட்டில் நான்கு ‘திருப்பூர்’

புதன்கிழமை தடுப்பூசி நாள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் பதிவேட்டைத் திறந்து, அன்று வர வேண்டிய குழந்தைகளின் பெயர்களை வாசித்தார். பதினொரு பெயர்களில் நான்குக்கு எதிரே சிவப்பு மையில் ஒரே சொல்: ‘திருப்பூர்’. லயன் வீட்டை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பூட்டிவிட்டுக் குழந்தையோடு மலையிறங்கிவிட்டார்கள்.

நீலகிரிக்கு இது புதிதல்ல. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே 7,62,141 பேர். 2011இல் 7,35,394 பேர். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டின் வெற்றி என்று இதை யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். பிறப்பு மாநிலம் முழுக்கவே குறைந்திருக்கிறது. அந்தப் பத்தாண்டில் இங்கும் இறப்பைவிடப் பிறப்பே அதிகமாக இருந்தது. பிறகு எப்படி ஆள் குறைந்தது? பிழைப்புதான்.

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டம் கண்டது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருந்தவர்களுக்குக் கொழுந்து பறிக்கிற கூலிகூடக் கட்டவில்லை. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போனார்கள். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள வகைசெய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க அரசே தேயிலை நட்டுக் குடியேற்றிய மலை இது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள்.

எஞ்சியிருக்கும் முதியவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கிய பாட்டி ஒருவரிடம் மாதம் முடிந்தும் பாதி அட்டை மிச்சமிருந்தது. “காலையில் எது, இரவில் எது என்று பேரன்தான் எடுத்துக் கொடுப்பான், டாக்டர்” என்றார். பேரன் போய் ஐந்து வாரம். அட்டைகளில் பேனாவால் ஒன்றில் சூரியனையும் மற்றதில் நிலாவையும் வரைந்து கொடுத்தேன். இப்போது எல்லோருக்கும் வரைகிறேன், ஓவியம் தேறியிருக்கிறது.

ஊர் மாறுகிறவர்கள் போகும் முன் செவிலியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தடுப்பூசி அட்டையையும், கர்ப்பிணி என்றால் பிக்மி எண்ணையும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். போகிற ஊரின் அரசு சுகாதார நிலையத்திலும் ஊசி இலவசம்தான்.

அந்த நான்கு வீட்டுக்கும் போன் செய்தோம். இரண்டு பேர் எடுத்தார்கள். ஒரு தாய், அட்டை பூட்டிய வீட்டுக்குள் இருப்பதால் ஊசி போடப் போகவில்லை என்றார். செவிலியர் பதிவேட்டைப் பார்த்து, போட்ட ஊசிகளின் தேதிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் மறுமுனையில் எழுதிக்கொண்டார்.