இறக்கம் கேட்கும் கூலி

புரட்டாசி கடைசி வாரம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழை இன்னும் பிடிக்காத அந்தச் சில நாள்களில்தான் போடிக்கு மேற்கே மலை முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம் பூப்பாறைக்கு வாக்கப்பட்டவள். ஏலத்தோட்டத்தில் வேலை. காய் எடுப்பு மும்முரமான நேரத்திலும் எனக்காக ரெண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். சனிக்கிழமை முழுக்கத் தோட்டத்துப் பாதைகளில் ஏறித் திரிந்தோம். ஞாயிறு காலை, வனத்துறை அனுமதியோடும் ஒரு வழிகாட்டியோடும் டாப் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாகக் குரங்கணிக்கு இறங்கினோம்.

ஊர்ப் பெயர்களைப் பார்த்து ரயில் நிலையம் என்று நினைத்துவிட வேண்டாம். மூணாறு தேயிலைப் பெட்டிகளை மலையிலிருந்து கொட்டகுடிக்கு இறக்கிய கம்பிவடத்தின் மேல்முனை டாப் ஸ்டேஷன். நடுவில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை நிஜமாகவே ஒரு சின்ன ரயிலும் ஓடியது. 1924 வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது. கம்பிவடமும் இப்போது இல்லை. பெட்டிகள் கம்பியில் இறங்கிய சரிவில் இன்று நாம் காலால் இறங்குகிறோம்.

இறக்கம்தானே என்று நான் விறுவிறுவென்று நடந்தேன். மூச்சு வாங்கவில்லை, வியர்வைகூட அதிகமில்லை. அக்கா பின்னாலிருந்து சொன்னாள்: "மெதுவா வாடா. ஏத்தம் அன்னிக்கே சொல்லிரும். இறக்கம் ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்லும்."

சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரு பாறையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டு எழுந்தபோது என் தொடை தானாக நடுங்கியது. வலி இல்லை, நடுக்கம் மட்டும்தான். திங்கட்கிழமை காலை தொடையின் முன்பக்கம் லேசாக இறுகியிருந்தது. செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினேன். ஏறும்போது அவ்வளவு வலி இல்லை. இறங்கும்போதுதான் உயிர் போனது. அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுமே இல்லை.

ஒரே பாதையில் ஒரே நாள் நடந்த ரெண்டு பேருக்கு ஏன் இந்த வித்தியாசம்? விடை, தசை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த குடத்தை மேலே இழுக்கும்போது கயிறு உங்கள் பக்கம் வருகிறது. அதே நிறைகுடத்தைத் தடாலென விழாமல் மெல்ல உள்ளே இறக்க வேண்டுமென்றால் கயிறு கையிலிருந்து நழுவிக்கொண்டே போகும். நீங்கள் அதை இறுக்கிப் பிடித்தபடியே விட்டுக்கொடுக்க வேண்டும். மலையேறும்போது தொடைத் தசை முதல் வகை வேலையைச் செய்கிறது: சுருங்கி, உடம்பை உயர்த்துகிறது. இறங்கும்போது இரண்டாம் வகை. கால் கீழே பதிந்து முழங்கால் மடங்கும் ஒவ்வொரு தடவையும் முன்தொடைத் தசை இறுகியபடியே நீள்கிறது. அது அங்கே பிரேக்காக வேலை செய்கிறது.

எவ்வளவு பிரேக்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஆள் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், கிட்டத்தட்ட 588 கிலோஜூல் ஆற்றலை எங்கேயாவது கரைத்தாக வேண்டும். ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு அது. லாரியில் அது பிரேக் டிரம்மில் சூடாகப் போகும். நம்மிடத்தில் பெரும்பகுதி காலின் தசைகளிலேயே சூடாகிறது.

இதில் விசித்திரம், பிரேக் பிடிப்பதற்குத் தசைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. 1952-இல் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் அழகான சோதனை ஒன்று செய்தார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே செயினால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பெடலை அழுத்தி அதைத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசை. ஆனால் தடுப்பவர் செலவழித்த ஆக்ஸிஜன், மிதிப்பவருடையதில் பாதிகூட இல்லை. இதை ராயல் சொசைட்டியில் செய்துகாட்டியபோது, பருமனான ஒரு ஆண் மூச்சிரைக்க மிதிக்க, சிறிய உருவமுள்ள ஒரு பெண் அலட்டிக்கொள்ளாமல் தடுத்தாராம். நான் மூச்சு வாங்காமல் இறங்கியதன் ரகசியம் இதுதான்.

இறுகியபடி நீளும்போது ஒவ்வொரு இழையும் அதிக விசையைத் தாங்கும் என்பதால் உடம்பு குறைந்த தசை இழைகளையே வேலைக்குக் கூப்பிடுகிறது. செலவு குறைவதும் அதனால்தான். பாரமோ அதேதான். அதனால் வேலைக்கு வந்த ஒவ்வொரு இழையின் மேலும் சுமை கூடுகிறது. ஒவ்வொரு இழையும் சார்கோமியர் என்ற கண்ணிகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்த சங்கிலி. ஒரு கண்ணியின் நீளம் சுமார் 0.0025 மில்லிமீட்டர். அதற்குள் மையோசின் என்ற புரதத்தின் நுண்ணிழைகள் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் நுண்ணிழைகளைப் பற்றிப் பற்றி இழுக்கின்றன. கண்ணிகள் எல்லாம் ஒரே பலத்தில் இருப்பதில்லை. இறுகியிருக்கும் சங்கிலியை வலுக்கட்டாயமாக நீட்டும்போது பலம் குறைந்த கண்ணிகள் மற்றவற்றைவிட அதிகமாக நீண்டு, பிடி விட்டுப்போகின்றன. பெரும்பாலானவை திரும்ப ஒன்றுசேரும், சில சேராது. ஆயிரக்கணக்கான அடிகளில் இது நடந்துகொண்டே இருந்தால் அங்கங்கே நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. பாறையில் உட்கார்ந்து எழுந்தபோது வந்த நடுக்கம், தசை அப்போதே பலம் இழக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம்.

வலி ஏன் அப்போதே வரவில்லை? கிழிசலைச் சரிசெய்யும் வேலை மெல்லத்தான் தொடங்கும். எதிர்ப்பு அணுக்கள் அந்த இடத்துக்கு வந்து சேரும்; நீர் கோத்துக்கொள்ளும்; அங்கே சுரக்கும் பொருள்கள் வலி நரம்புகளின் கூருணர்வை ஏற்றிவிடும். அதனால்தான் சும்மா இருக்கையில் வலிக்காத தொடை, அழுத்தினாலோ நீட்டினாலோ சுரீரென்கிறது. இறங்கிய 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் இது உச்சத்துக்குப் போய், பிறகு தானாகத் தணிகிறது.

"லாக்டிக் அமிலம் சேர்ந்துடுச்சு" என்று ஜிம்மிலும் மைதானத்திலும் இன்றும் சொல்கிறார்கள். தவறு. 1983-இல் அமெரிக்காவில் சிலரை டிரெட்மில்லில் ஒருமுறை சமதளமாகவும் ஒருமுறை இறக்கமாகவும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சமதள ஓட்டத்தில் ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறியது, பின்னால் வலி இல்லை. இறக்க ஓட்டத்தில் லாக்டேட் ஏறவே இல்லை, வலி வந்தது. ஏறிய லாக்டேட்டும் ஓய்வெடுத்தால் ஒரு மணி நேர அளவில் இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமை வலிக்கு ஞாயிற்றுக்கிழமை லாக்டேட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

அக்காவிடம் வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, சில வாரங்களுக்குள் அதே வேலையைத் திரும்பச் செய்தால் சேதமும் வலியும் பெருமளவு குறைந்துவிடுகின்றன. ஒரே ஒரு தடவை போதும், தசை கற்றுக்கொள்கிறது. நரம்புகள் இழைகளை வேறு விதமாகப் பங்கிட்டு அழைக்கின்றன, இழைகளைச் சூழ்ந்த இணைப்புத் திசு உறுதியாகிறது. சங்கிலியில் கண்ணிகளும் கூடுகின்றன. 1994-இல் எலிகளில் சிலவற்றை ஏற்றத்திலும் சிலவற்றை இறக்கத்திலும் ஒரு வாரம் ஓடவிட்டபோது, இறக்கத்தில் ஓடியவற்றின் தொடைத் தசையில் அதிகக் கண்ணிகள் இருந்தன. கண்ணி கூடினால் ஒவ்வொன்றும் நீள வேண்டிய அளவு குறைகிறதல்லவா? அக்கா காய்ச் சாக்கோடு சரிவில் தினமும் இறங்குகிறாள். அவள் தொடையில் அந்தப் பாடம் எப்போதும் புதிதாகவே இருக்கிறது.

அவள் நடையையும் அன்று கவனித்திருந்தேன். அடி சின்னதாக வைப்பாள். முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியே இருக்கும். செங்குத்தான இடத்தில் பாதத்தைக் குறுக்கே திருப்பி வைத்து, கையில் வெட்டிய கம்பை முதலில் ஊன்றுவாள். சின்ன அடி என்றால் முழங்கால் குறைவாக மடங்கும், தசை குறைவாக நீளும். கம்பு பாரத்தில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றும். மலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே நாலைந்து மாடி இறங்கிப் பழகினால் வலி குறையும். ஏறுவதற்கு லிஃப்ட் பிடித்தாலும் பரவாயில்லை, இறங்குவதுதான் முக்கியம். வலி வந்த பிறகு படுத்துக் கிடப்பதைவிட மெல்ல நடப்பது கொஞ்சம் இதமாக இருக்கும். ஆனால் வலியோடு சிறுநீர் கறுத்த டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். தசை அளவுக்கு மீறிச் சிதைந்திருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்; அந்தச் சிதைவு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பாதையில் மறுபடி இறங்கினோம். இந்தத் தடவை என் கையிலும் கம்பு, அக்கா முன்னால், அவள் அடி பார்த்து நான். சென்ட்ரல் ஸ்டேஷன் பாறையில் உட்கார்ந்து எழுந்தேன், தொடை நடுங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.