ஈர விறகைத் தேடிய மருத்துவர்

புகை இருந்தால் நெருப்பு இருக்கும். அனுமானத்துக்கு நம் தர்க்க நூல்கள் காட்டும் உதாரணம் இதுதான். சரி, நெருப்பு இருந்தால் புகை இருக்குமா? உலையிலிருந்து வெளியே எடுத்த, பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பாருங்கள். அனலாய்த் தகிக்கும், புகை துளிகூட இருக்காது. அடுப்பு புகைவதற்கு விறகிலுள்ள ஈரமும் வேண்டும். இப்படிக் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர் வைத்தார்கள். எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இந்த ஈர விறகைத்தான்.

லண்டனில் 1848-49இல் காலரா கொன்று குவித்தது. மரணப் பதிவுகளை அலசிய புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், தேம்ஸ் ஆற்று மட்டத்திலிருந்து மேடு ஏற ஏறச் சாவு குறைவதைக் கண்டார். கணக்கில் பிழையில்லை. பள்ளத்தில் கெட்ட காற்று தேங்குகிறது, அதனால்தான் நோய் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோவுக்கோ தண்ணீர் மேல்தான் சந்தேகம். ஆனால் காற்றையும் தண்ணீரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வழி தென் லண்டனில் கிடைத்தது. ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் குழாய் போட்டிருந்தன. லாம்பெத் கம்பெனி 1852இல், ஆறு நகரத்துக்குள் நுழையும் முன்பே, சாக்கடை கலக்காத இடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கிவிட்டது. சதர்க்-வாக்ஸால் கம்பெனி கழிவு கலந்த ஆற்றுநீரையே எடுத்துக்கொண்டிருந்தது. அதே உயரம், அதே காற்று. தண்ணீர் மட்டும் வேறு.

1854இல் காலரா திரும்ப வந்ததும் ஸ்னோ வீடு வீடாகப் போனார். எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. கட்டணம் கட்டுவது வீட்டுக்காரர். அப்புறம் ஸ்னோ ஒன்று செய்தார். குப்பியில் தண்ணீரைப் பிடித்து, அதில் வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டார். உப்பு மிகுந்த சதர்க்-வாக்ஸால் நீர் வெள்ளையாகத் திரிந்தது. லாம்பெத் நீர் லேசாக மங்கியதோடு சரி. காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (பிறர் சொல்லக் கேட்பது) என்று அறிவதற்கு மூன்று வழி சொல்வார்கள் நம்மவர்கள். உரை கைவிட்ட இடத்தில் காட்சி கைகொடுத்தது.

முதல் ஏழு வாரங்களில் 10,000 வீடுகளுக்கு சதர்க்-வாக்ஸால் பக்கம் 315 சாவு, லாம்பெத் பக்கம் 37.

1866இல் கிழக்கு லண்டனில் காலரா பரவியபோது, அதே ஃபார் தண்ணீர்க் கம்பெனியைத்தான் முதலில் விசாரித்தார். அதைப் பார்க்க ஸ்னோ இல்லை. 1858இல், 45 வயதிலேயே இறந்துவிட்டார்.